பிரியும் கணத்தில் பிறக்கும் பொறி

பழைய அம்பாசடர் மக்கர் செய்தால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் இரும்பைத் தொடும்படி சாய்த்து வைப்பார். "தம்பி, செல்ஃப் அடி" என்று உள்ளே இருப்பவனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பிளக்கின் நுனியைக் குனிந்து பார்ப்பார். பொறி நீலமும் வெள்ளையுமாகத் தடித்து, சட் சட்டென்று காதில் விழும்படி அடித்தால் அவர் கவனம் கார்புரேட்டர் பக்கம் போய்விடும். மஞ்சளாக, மெலிந்து, சத்தமே இல்லாமல் வந்தால் "கரண்ட் வீக்கா இருக்கு" என்பார்.

பெட்ரோல் இன்ஜினின் கோளாறுகளிலேயே நான் மிகவும் ரசிப்பது இந்த 'வீக்'கைத்தான். பொறி அறவே இல்லையென்றால் வேலை எளிது. எங்கோ ஒன்று அறுந்திருக்கிறது, தேடிப் பிடித்துவிடலாம். நல்ல பொறி என்றால் வேலையே இல்லை. பொறி இருக்கிறது, ஆனால் இளைத்திருக்கிறது என்னும்போதுதான் அந்தச் சிறிய அமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் தன் நுணுக்கத்தைக் காட்டத் தொடங்கும். நன்றாக ஓடும் வண்டியில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

முதல் நுணுக்கம் அடிப்படையிலேயே இருக்கிறது. மின்சாரம் பாய்வதால் பொறி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பாய்ந்துகொண்டிருந்த மின்சாரம் அறுபடும் கணத்தில்தான் அது பிறக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் போகிறது. அங்கே இரும்பு உள்ளகத்தின் மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், தலைமயிரினும் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளுமாகச் சுற்றப்பட்டிருக்கும். பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்வரை தடித்த கம்பியில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடி, உள்ளகத்தில் காந்தப்புலத்தைக் கட்டி நிறுத்துகிறது. அதுவரை பிளக்கில் ஒன்றும் நடப்பதில்லை. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிகிறது. வேகமாக ஓடும் குழாய்த் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாயே ஓர் அதிர்வு அதிருமே, அப்படித் தடித்த கம்பியில் இருநூறு முந்நூறு வோல்ட் எகிறுகிறது. மெல்லிய கம்பியில் அதுவே பதினையாயிரம், இருபதினாயிரமாகப் பெருகுகிறது. ஆக, பொறியின் வலிமை இரண்டே கேள்விகளில் அடங்கியிருக்கிறது. அறுப்பதற்கு முன் எவ்வளவு ஓடியது? எவ்வளவு சுத்தமாக அறுந்தது?

இந்த ஏற்பாட்டைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். பணப்பதிவு இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திய கை அது. ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில், நண்பர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் தொடங்கிய வேலை 1909இல் டெல்கோ என்ற நிறுவனமாகி, கேடிலாக் கார்களில் ஏறியது. அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அவருடைய வரைபடத்தில்தான் ஓடின. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அம்பாசடர் ஆக்கியபோதும் அதே வரைபடம்தான். டிஸ்ட்ரிப்யூட்டர் முதலான வாகன மின்சாதனங்களைச் செய்ய நம் சென்னைப் பாடியிலேயே 1961இல் லூகாஸ் டிவிஎஸ் உருவானது. பாடியில் பேருந்து ஏறுபவர்களுக்கு லூகாஸ் என்பது இன்று ஒரு நிறுத்தம். எனக்கு அது பாயிண்ட் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர்.

பாயிண்ட் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இரண்டு டங்ஸ்டன் பொட்டுகள். ஒன்று நிலையானது, மற்றொன்று வில்கம்பியில் ஏறிய கை. நடுத் தண்டின் நான்கு முகக் கேம் சுழன்று அந்தக் கையின் குதிகாலைத் தள்ளும்போது இரண்டும் பிரியும். முழுதாகப் பிரிந்த நிலையில் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிப்யூட்டர் அதில் பாதி சுற்றும். சுற்றுக்கு நான்கு பொறி. கணக்குப் போட்டால் நொடிக்கு 100 முறை சேர்ந்து பிரிகிறது இந்தப் பொட்டு. திண்டிவனம் தாண்டும்போது அது என்ன பாடுபடும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த இடைவெளிக்குள் இருக்கும் இழுபறி அபாரமானது. இடைவெளி கூடிப்போனால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறையும். காயிலில் காந்தம் முழுதாகக் கட்டுவதற்குள் அறுந்துவிடும். மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் பிடித்தால் வண்டி மிஸ் அடிக்கும். இடைவெளி குறைந்துபோனால் மூடியிருக்கும் நேரம் தாராளம்தான், ஆனால் அறுப்பு சுத்தமாக இருக்காது. பிரிந்தும் பிரியாமலும் நடுவே மின்வில் எரிந்து பொட்டுகளைத் தின்னும். இது காலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் குடைச்சல் கொடுக்கும். ஆக, ஓட்டத்தில் இளைக்கும் பொறியும் கிளப்பும்போது இளைக்கும் பொறியும் ஒரே திருகாணியின் இரு பக்கங்கள். அதோடு விட்டதா? குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகவே சுருங்கும், சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி விழும் நேரமான டைமிங்கும் பின்தங்கும். இதனால்தான் பாயிண்டை வைத்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும் என்று பழைய ஆட்கள் வரிசை மாறாமல் செய்தார்கள்.

பொட்டுகளின் முகத்தைப் பார்ப்பது தனி ரசனை. சாம்பல் நிறத்தில், உறைபனி படர்ந்தது போன்ற மங்கல் தெரிந்தால் ஆரோக்கியம். நீலம் பாய்ந்திருந்தால் சூடு. கறுத்திருந்தால் எண்ணெய் தெறித்திருக்கிறது. கேமில் கிரீஸ் அப்பியவர் கை தாராளம் என்று பொருள். ஒரு பொட்டில் குழியும் எதிர்ப்பொட்டில் அதற்கு நேரே மேடுமாக இருந்தால், பக்கத்தில் திருகியிருக்கும் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை. இந்தக் குழியையும் மேட்டையும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிவிட்டு அப்படியே மூடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உதிர்ந்த துகள் இடையில் சிக்கிக்கொண்டு பழைய நிலையைவிட மோசமாக்கும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் பிறகு சுத்தமான காகிதத் துண்டு ஒன்றை நடுவே விட்டு இழுத்தெடுக்க வேண்டும். புதிய பாயிண்டிலும் ஒரு பொடி விஷயம் உண்டு. துருப்பிடிக்காமலிருக்க அதன் முகத்தில் மெல்லிய பூச்சு பூசி அனுப்புவார்கள். துடைக்காமல் மாட்டினால் புத்தம் புதிய பாயிண்டிலேயே பொறி இளைக்கும்.

கண்டென்சரைப் பற்றி ஒரு பத்தியாவது தனியாகச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. விரல் கணுவளவு தகரக் குப்பி, ஒரு வால் வயர், 0.2 மைக்ரோ ஃபாரட் அளவு கொள்திறன். பார்வைக்கு இவ்வளவுதான். பாயிண்ட் பிரியத் தொடங்கும் கணத்தில் மின்சாரம் ஓட்டத்தை விடாமல் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அந்தச் சிறு பொழுதுக்கு அதை உள்வாங்கிக்கொண்டு, பொட்டுகள் தாண்ட முடியாத தூரம் விலகும்வரை பொறுத்திருப்பது இந்தக் குப்பிதான். அது செத்துப்போனால் பாயிண்டில் பளீரென்று தீப்பொறி பறக்கும். பிளக்கில் ஒன்றும் இருக்காது. பலம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வாசலிலேயே எரிந்து தீர்கிறது. பார்ப்பவர் ஏமாந்துபோவார், "நல்லாத்தானே பொறி வருது!" இந்த யோசனை கெட்டரிங்கின் ஏற்பாட்டைவிட அரை நூற்றாண்டு மூத்தது என்பது கூடுதல் வியப்பு. 1853இலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ ஆய்வுக்கூடத் தூண்டு சுருளின் துண்டிப்பானுக்குக் குறுக்கே கண்டென்சரைப் போட்டுப் பொறியை நீளமாக்கிக் காட்டினார்.

இனி அந்த முதல் சோதனைக்கே திரும்பி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வெளியே வைத்த பிளக்கில் பொறி வருவது எதற்குச் சாட்சி? பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டர்தான். திறந்த காற்றில் அதைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ காற்றும் பெட்ரோல் ஆவியும் பல மடங்கு நெருக்கப்பட்டு நிற்கின்றன. நெருக்கம் கூடக்கூடத் தாண்டுவதற்கான வோல்ட்டும் கூடும். வெளியே ஜோராக அடித்த பொறி உள்ளே போனதும் வாயடைத்துப் போவது இதனால்தான். எனவே நுட்பம் தெரிந்தவர் பிளக்கை நம்பமாட்டார். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் காயில் வயரை உருவி, அதன் நுனியை இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடிப்பார். பிடிப்பது ரப்பர் உறையிட்ட இடுக்கியால். பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்டை விரல் படாமல் ஒரு குச்சியால் தட்டித் திறப்பார். அந்தக் கால் அங்குலத்தைத் தடித்த பொறி தாண்டினால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் குற்றமற்றவை. குறை அதற்கப்பால் மூடியிலோ, அதனுள் சுழன்று பங்கிடும் ரோட்டாரிலோ, வயர்களிலோதான். தாண்டவில்லையென்றால் இப்பால். ஒரே தட்டலில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான விசாரணை வேறெந்தத் தொழிலிலும் உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

இப்பால் என்றால் வேட்டை இன்னும் ருசிக்கும். தேடுவது தொலைந்துபோன அரை வோல்ட்டை. பாயிண்ட் மூடியிருக்க, சாவி போட்டிருக்க, காயிலின் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்து முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தால் முள் ஏறக்குறைய அசையவே கூடாது. அரை வோல்ட் காட்டினால் வழியில் யாரோ கையூட்டு வாங்குகிறார்கள். மீட்டர் ஊசியை ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும்: டிஸ்ட்ரிப்யூட்டர் முனை, பாயிண்ட் கை, பாயிண்ட் அமர்ந்திருக்கும் அடித்தட்டு, டிஸ்ட்ரிப்யூட்டர் உடம்பு, இன்ஜின் பிளாக். எந்த இரண்டு படிகளுக்கு நடுவே முள் விழுகிறதோ அங்கே இருக்கிறது அழுக்கு. மறுபக்கமும் இப்படித்தான். லூகாஸ் வயரிங்கில் பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவிக்குப் பின் வெள்ளை, காயிலிலிருந்து பாயிண்டுக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. நிறத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். இத்தனை சிரமம் அரை வோல்ட்டுக்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்படி ஆங்காங்கே சேர்ந்து 12 வோல்ட்டில் ஒன்றரை வழியிலேயே போய்விட்டால் ஆற்றலில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். செல்ஃப் மோட்டார் சுழலும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறி தேவைப்படும் நேரத்தில்தான் அதன் சோற்றில் மண் விழுகிறது.

இந்த வேட்டையில் எனக்குப் பிடித்த குற்றவாளி ஒருவன் உண்டு. அடித்தட்டையும் டிஸ்ட்ரிப்யூட்டர் உடம்பையும் இணைக்கும், ஓரங்குலம் இரண்டங்குல நீளமேயான எர்த் வயர். ஆக்சிலேட்டருக்கேற்ப வேக்யூம் டயாஃப்ரம் இழுக்கும்போதெல்லாம் அடித்தட்டு அசையும். அசையும்போதெல்லாம் இந்த வயர் வளையும். வருடக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே இழை ஒவ்வொன்றாக அறும், மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நிற்கும் வண்டியில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஓட்டத்தில் தட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பினால் மட்டும் பொறி சோரும். காயிலை மாற்று, கார்புரேட்டரைப் பிரி என்று உரிமையாளர் பணத்தை இறைத்துக்கொண்டிருப்பார். விலை மதிப்பே இல்லாத வயர் மூடிக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் புஷ் தேய்மானமும் இதே இனம். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடும். நான்கு கேம் முகங்களுக்கும் நான்கு இடைவெளி. நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதப் பொறி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் அங்கே பொய் சொல்லும். இதற்கு வைத்தியம் புஷ் மாற்றுவது ஒன்றே.

அப்பால் பகுதிக்குப் போனால் உலகம் மாறிவிடுகிறது. இங்கே மின்சாரம் கம்பி வழியே மட்டும் போக ஒப்புக்கொள்வதில்லை. ஈரம், தூசி, விரிசல் எது கிடைத்தாலும் அதன் வழியே நழுவும். மூடியின் உட்புறத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலசமயம் பென்சிலால் கிறுக்கியது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருக்கும். பொறி தானே போட்டுக்கொண்ட கரிப்பாதை அது. சுரண்டினாலும் முழுதாகப் போகாது. நடுவில் வில்கம்பியோடு இருக்கும் கரித்துண்டு தேய்ந்தோ சிக்கியோ இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரோட்டாரைச் சோதிப்பதோ வெகு நேர்த்தி. அதைத் தண்டின் மேலேயே விட்டுவிட்டு, காயில் வயரின் நுனியை அதன் பித்தளைத் தகட்டுக்குச் சற்று மேலே பிடித்துப் பாயிண்டைத் தட்ட வேண்டும். பொறி பாய்ந்தால் ரோட்டாரின் உடம்பைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள தண்டுக்குக் கரண்ட் இறங்குகிறது என்று பொருள். நல்ல ரோட்டாரில் பொறி பாயவே கூடாது. பொறி வந்தால் கெட்டது என்று பொருள்படும் ஒரே சோதனை இதுதான் என்று நினைக்கிறேன்.

இருட்டில் செய்யும் சோதனையும் உண்டு. அமாவாசைக்குப் பக்கத்தில் தெருவிளக்கில்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தால், பழைய வயர்களின் மேல் நீல நிறத்தில் மின்மினுப்பு ஊர்வது தெரியும். காதைக் கொடுத்தால் நெறுநெறுவென்று சத்தமும் கேட்கும். கோளாறுதான், ஆனால் அழகு அழகுதான்.

கரி படிந்த பிளக் இன்னொரு விதமான திருடன். அதன் பீங்கானின் மேல் படிந்த கரி மின்சாரத்தைச் சன்னமாகக் கசியவிடும். வோல்ட் உச்சிக்கு ஏறுவதற்குள்ளேயே கசிந்துவிடுவதால் இடைவெளியைத் தாண்ட மிச்சம் இருக்காது. இங்கே பழைய ஆட்கள் ஒரு வித்தை காட்டுவார்கள்: வயரைப் பிளக்கின் தலையிலிருந்து நூலளவு தூக்கிப் பிடிப்பது. நடுவே ஒரு காற்றிடைவெளி வந்ததும், அதைத் தாண்டுமளவு வோல்ட் சேரும்வரை கசிய வழியில்லை. சேர்ந்து ஒரேயடியாகப் பாயும்போது கரியையும் மீறிப் பொறி விழுந்துவிடும். செத்துக் கிடந்த சிலிண்டர் உயிர்பெறும். தடையைக் கூட்டிப் பொறியை மீட்கும் இந்தத் தந்திரத்தை முதலில் கண்டவரின் மூளையை மெச்சாமல் இருக்க முடியாது. அவசரத்துக்கு மட்டும்தான்; வழக்கமாக்கினால் காயில் தாங்காது.

காயிலின் இரண்டு முனைகளை மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும். அதனால் இந்தத் தவறு வருடக்கணக்கில் கண்ணில் படாது. பிளக்கின் நடுமுனைதான் சூடாக இருப்பது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் எளிதாகக் கிளம்பும். ஆகவே நடுமுனை நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டும். மாற்றி மாட்டினால் அந்தச் சலுகை போய்விடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த். பின்னாளில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் காயில் வயரை மட்டும் மறந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு மரப் பென்சில் போதும். பிளக் வயருக்கும் பிளக் தலைக்கும் நடுவே பென்சில் கூரை நீட்டினால், பொறியின் ஆரஞ்சுச் சுடர் கூருக்குப் பிளக் பக்கம் விரிந்தால் சரி, வயர் பக்கம் விரிந்தால் தலைகீழ்.

சூட்டில் மட்டும் இளைக்கும் காயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி அரை மணி ஓடியபின் நிற்கும், ஆறினால் கிளம்பும், மறுபடி நிற்கும். தெரிந்த நல்ல காயில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே உத்தமம்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் தொகுப்பைப் பொருத்திக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்; தேயாது, டைமிங் நகராது. ஆனால் அது கெடும்போது ஒரேயடியாகக் கெடும். குழியும் மேடும் காட்டாது, நீலம் பாயாது, முன்கூட்டி இருமிக்காட்டாது. பாயிண்டோ தன் நோயைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டை இடைவெளிக்கு அளவாக வைத்து அதைத் திருத்தி வீடு வந்து சேர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறி இளைத்தால் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், காயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும், புதிதாக மாட்டியதில் ஒன்று கெட்டதாக இருந்தால் அதுவும் தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றிய கண்டென்சரும் ரோட்டாரும் நல்ல நிலையில் இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், துணியில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். கடையில் இன்று கிடைக்கும் புதியதைவிட, உங்கள் வண்டியிலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேறிய பழையதுதான் நம்பகமானது.